காகிதப்பூ பூக்கவில்லையா? அடுக்குமாடித் தாழ்வாரத்தில் குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

காகிதப்பூச் செடியில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் உடனே உரக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் வீட்டை விட்டு இறங்கிப் பக்கத்து நடை மேம்பாலத்தைப் பாருங்கள். சிங்கப்பூரின் பல மேம்பாலங்களில் கைப்பிடிச் சுவரை ஒட்டிய நீளத் தொட்டிகளில் வளர்வது காகிதப்பூதான். உங்கள் வட்டாரத்தில் பெய்த அதே மழை, அடித்த அதே வெயில் அதற்கும் கிடைத்திருக்கிறது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல செடி வேறில்லை.

மேம்பாலம் முழுக்கப் பூத்துக் கிடக்க, உங்கள் செடி மட்டும் பச்சையாக நிற்கிறதா? அப்படியானால் குறை உங்கள் இடத்திலோ பராமரிப்பிலோ இருக்கிறது. தொடர்ந்து படியுங்கள். மேம்பாலத்திலும் பூ இல்லையா? ஒன்று, நல்ல மழைக்காலம். அல்லது ஆட்கள் வந்து அண்மையில் வெட்டிவிட்டுப் போயிருப்பார்கள். கிளை நுனிகளில் வெட்டுப்பட்ட தடம் தெரிகிறதா என்று பாருங்கள். மழை என்றால் உங்கள் செடியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சில வாரம் பொறுத்திருங்கள்.

உட்லண்ட்ஸில் என் வீட்டுத் தாழ்வாரத்தில் பல ஆண்டுகளாக இந்தக் கொடியை வளர்த்து வருகிறேன். இரண்டு செடிகளைச் சாகவும் விட்டிருக்கிறேன். கீழே இருப்பவை அந்த அனுபவத்தில் கற்றவை.

இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

பத்துப் பேர் கேட்டால் எட்டுப் பேர் கேட்பது இதுதான். பதில் சொல்வதற்கு முன் செடியின் முள்ளைப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். அது பூங்கொத்தாகவும் வளரலாம், முள்ளாகவும் வளரலாம். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுதான். நீளமாக, தடிமனாக, கையளவு இலைகளோடு கிளை ஓடி, ஒவ்வொரு கக்கத்திலும் கெட்டியான முள் நிற்கிறது என்றால், அந்தச் செடிக்கு வளரத்தான் மனம், பூக்க இன்னும் மனம் வரவில்லை. அதற்கு வெயில் குறைவாக இருக்கும், அல்லது தண்ணீரும் உரமும் மிகுதியாக இருக்கும்.

வெயிலை முதலில் அளந்துவிடுங்கள். வேலை இல்லாத ஒரு நாளில் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செடியைக் கைப்பேசியில் படம் எடுங்கள். இலையின் மேல் நேரடி வெயில் விழுந்து, கூர்மையான நிழல் தெரிந்தால் மட்டும் கணக்கில் சேருங்கள். ஐந்து, ஆறு மணி நேரமாவது தேறவேண்டும். ‘நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது’ என்று நம் கண் சொல்வதை நம்ப முடியாது, தாழ்வாரத்தின் வெளிச்சத்துக்கு அது பழகிப்போய்விடுகிறது. மூன்று மணி நேரம்கூடத் தேறவில்லை என்றால் கீழே எழுதியிருக்கும் மற்ற வைத்தியங்கள் அவ்வளவாக உதவாது. தொட்டியை இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் நிழலில் வளரும் வேறு செடியை வையுங்கள். வருத்தமான பதில்தான், ஆனால் செடி வருடக்கணக்கில் ஏங்கிக்கொண்டு நிற்பதைவிட அது மேல்.

வெயில் போதுமான அளவு இருக்கிறது என்றால் அடுத்தது தண்ணீர். காகிதப்பூவின் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1767இல் பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் கப்பல்கள் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது, கூடவே வந்த தாவரவியலாளர் கொமெர்சோன் இதைக் கண்டார். அப்படித்தான் போகன்வில்லா என்ற பெயர் வந்தது. மழைக்காலம், வறண்ட காலம் என்று ஆண்டு இரண்டாகப் பிரியும் நிலத்துச் செடி இது. மழையில் வளரும், வறட்சியில் பூக்கும். இங்கே ஒவ்வொரு மாதமும் மழை பெய்கிறது. போதாக்குறைக்கு நாமும் காலையும் மாலையும் ஊற்றுகிறோம். வறட்சி வந்தது என்று செடிக்கு யாரும் சொல்வதே இல்லை.

அதை நாம்தான் சொல்லவேண்டும். தாழ்வாரத்தில் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: கூரை இருப்பதால் மழை அதிகம் நனைக்காது, தண்ணீர் நம் கையில் இருக்கிறது. ஊற்றுவதை நிறுத்திவிட்டுத் தினமும் காலையில் பாருங்கள். மதிய வெயிலில் துவள்வதைக் கணக்கில் எடுக்கவேண்டாம், மாலையில் அது நிமிர்ந்துவிடும். காலையிலேயே இளம் இலைகள் துவண்டு தொங்கினால், அன்றைக்குத் தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை நன்றாக ஊற்றுங்கள். அப்புறம் மறுபடியும் துவளும்வரை விட்டுவிடுங்கள். இப்படி மூன்று, நான்கு வாரம் செய்தால் இலைக்கக்கங்களில் பொடிப்பொடியாக நிறம் தெரியத் தொடங்கும்.

நிறம் தெரிந்த அன்றோடு பட்டினியை முடித்துக்கொள்ளுங்கள். இது முக்கியம். மொட்டு வந்த பிறகும் காயவிட்டால் அத்தனையும் உதிர்ந்துவிடும். அதன்பின் மேல்மண் காய்ந்ததும் ஊற்றி, சீராகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இரண்டு வீடு தள்ளியிருந்த மலாய்ப் பாட்டி. அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று நான் தினமும் அதைக் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ‘புங்கா கெர்தாஸ்’ என்று செடியைக் காட்டினார். புங்கா என்றால் பூ, கெர்தாஸ் என்றால் காகிதம். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். காகிதத்துக்கு யாராவது இவ்வளவு தண்ணீர் ஊற்றுவார்களா என்று கேட்டார். அடுத்த மாதமே பூத்தது.

உரத்தைப் பொறுத்தவரை, உறையில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களைப் பாருங்கள்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. முதல் எண் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக இருந்தால் அது இலைக்கு உரம், பூவுக்கு இல்லை. கோழி எரு உருண்டையைக் கைநிறையப் போட்டுவிட்டுப் பூ வரவில்லை என்று கேட்பவர்கள் பலர். அதில் தழைச்சத்து தாராளமாக இருக்கிறது. மெதுவாகக் கரையும் பூச்செடி உரத்தை உறையில் சொன்ன அளவில் பாதி போட்டால் போதும். பட்டினி போடும் வாரங்களில் உரமே வேண்டாம்.

கத்தரிக்கோலும் ஒரு காரணம். காகிதப்பூ புதிதாக வந்த கிளையில்தான் பூக்கும். அழகாக இருக்கட்டும் என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால், வரப்போகும் பூவைத்தான் கிள்ளுகிறோம். ஒரு சுற்று பூத்து முடிந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டு, அடுத்த சுற்று முடியும்வரை கத்தரியை உள்ளே வைத்துவிடுங்கள்.

ஆண்டில் பாதி நாள் பூக்கிறது, மீதி நாள் பூப்பதே இல்லை

சிங்கப்பூரில் பருவமே கிடையாது என்று சொல்லிச் சொல்லி நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம்: சூரியன் இங்கேயும் இடம் மாறுகிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், மீதி மாதங்களில் தெற்கே. திறந்த வெளியில் இது பெரிதாகத் தெரியாது. மேலே கூரையும் முன்னால் கைப்பிடிச் சுவரும் உள்ள தாழ்வாரத்தில் இதுதான் எல்லாம்.

மேற்கு வெயில் வீட்டைச் சுடும் என்பதால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகள் பலவற்றை வடக்கு, தெற்கு பார்க்கக் கட்டியிருக்கிறார்கள். வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஜூன் மாதத்தை ஒட்டி நாள் முழுக்க வெயில் எட்டிப் பார்க்கும், டிசம்பரில் ஒரு துளிகூட வராது. தெற்குப் பார்த்தது இதற்கு நேர்மாறு. மார்ச், செப்டம்பர் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே போகும்போது இரண்டு பக்கமும் கூரை மறைத்துவிடும்.

ஆகவே வடக்குத் தாழ்வாரச் செடி மே முதல் ஆகஸ்ட் வரை பூத்துவிட்டு நவம்பரில் நின்றுபோனால் அதற்கு நோய் எதுவும் இல்லை. அந்த மாதங்களில் தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்தி, ஓய்வெடுக்க விடுங்கள். மார்ச் கடைசியில் கத்தரித்துவிட்டால் வெயில் வரும்போது புதுக்கிளை தயாராக நிற்கும். தெற்குத் தாழ்வாரக்காரர்களுக்குக் கொஞ்சம் சோதனைதான். அவர்களுக்கு வெயில் வரும் நவம்பர், டிசம்பர், ஜனவரிதான் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடும் காலம். அவர்கள் செடிக்குக் கை கொடுப்பது பிப்ரவரி. பெரும்பாலும் அதுவே இங்கே ஆண்டின் வறண்ட மாதம். பொங்கலுக்குப் பூக்கவில்லையே என்று மனம் தளராமல், ஜனவரிக் கடைசியில் தண்ணீர்ப் பட்டினியைத் தொடங்குங்கள்.

வீடு வாங்கும்போது எல்லோரும் முகம் சுளிக்கும் மேற்குப் பார்த்த தாழ்வாரம் உங்களுக்கு அமைந்திருந்தால், ஆண்டு முழுக்கக் காகிதப்பூ வளர்க்கலாம்.

வாங்கி வந்த சில நாளிலேயே பூவும் இலையும் கொட்டிவிட்டது

சீனப் புத்தாண்டுக்கு முன்னால் நர்சரிகளில் கொத்துக்கொத்தாகப் பூத்த செடிகளைப் பார்த்து ஆசையாக வாங்கி வருவோம். அது அதுவரை திறந்த வெளியில் நாள் முழுக்க வெயில் குடித்து நின்ற செடி. திடீரென்று லாரியில் ஏறி, மின்தூக்கியில் ஏறி, பாதி நிழலுக்கு வந்தால் இலையை உதிர்க்கத்தான் செய்யும்.

தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இந்த நேரத்தில் நாம் செய்யும் பெரிய தவறு பரிதாபப்பட்டுத் தண்ணீரைக் கொட்டுவது. இலை இல்லாத செடி தண்ணீரை உறிஞ்சுவது மிகக் குறைவு, ஊற்றியதெல்லாம் வேரைச் சுற்றியே நின்று அழுகச் செய்யும். என் முதல் செடி அப்படித்தான் போனது. வெயில் படும் இடத்தில் வைத்து, மேலே இரண்டு விரல் ஆழம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். துளிர் விட இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்கு முன் தொட்டியையும் மாற்றாதீர்கள்.

தொட்டி மாற்றும் நாள் வரும்போதும் கவனம் தேவை. இதன் வேர் மெல்லியது, எளிதில் அறுந்துவிடும். மண்ணை உதறக் கூடாது. பழைய பிளாஸ்டிக் தொட்டியைக் கத்தரித்துப் பிரித்து, மண்கட்டி உடையாமல் அப்படியே தூக்கிப் புதுத்தொட்டியில் வையுங்கள். புதுத்தொட்டி பழையதைவிட ஒரு அளவு பெரிதாக இருந்தால் போதும். வேர் நெருக்கமாக இருந்தால்தான் இந்தக் கொடி நன்றாகப் பூக்கும்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடுகிறது

வேரழுகல். தாமதிக்காதீர்கள். செடியைத் தொட்டியிலிருந்து சரித்து எடுத்து வேரைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பாகக் குழைந்து, தொட்டால் தோல் உரியும், நாற்றமும் இருக்கும். அழுகியதை நறுக்கி எறிந்துவிட்டு, மேலே உள்ள கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, தண்ணீர் தேங்காத மண்ணில் நட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். எனக்குக் கைகொடுக்கும் கலவை: நர்சரியில் கிடைக்கும் சுட்ட மண் இரண்டு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கற்குருணை) ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு. பைகளில் வரும் கறுப்பு மண்ணை மட்டும் நிரப்பினால் சில மாதத்தில் களிபோல் இறுகிவிடுகிறது.

வேர் பாதிக்கு மேல் போயிருந்தால் செடி பிழைப்பது உறுதியில்லை. அப்போது நல்ல கிளைகளில் பென்சில் தடிமனில் ஒரு சாண் நீளத்துக்கு நான்கைந்து துண்டு நறுக்கி, ஈரமான பெர்லைட்டில் நட்டுவையுங்கள். ஒன்றாவது வேர்விடும். என் வீட்டில் இப்போது இருக்கும் ஊதாநிறச் செடி அப்படிப் பிழைத்ததுதான்.

ஊற்றிய தண்ணீர் உடனே கீழே ஓடிவிடுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர் நிலை. காய்ந்து இறுகிய மண் தொட்டியின் விளிம்பை விட்டுச் சுருங்கியிருக்கும். தண்ணீர் அந்த இடைவெளி வழியே வழிந்துவிடும், நடுவேர் நனையாது. ஒரு வாளியில் தண்ணீர் வைத்துத் தொட்டியை அரைமணி நேரம் அமிழ்த்தி எடுங்கள். பின்பு ஒரு குச்சியால் மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள்.

கிளறுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. இறுகிய மண்ணின் மேலே தேங்கும் சிறு தண்ணீரிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கியைத் தடுக்கத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லும் அன்றாட நடவடிக்கைகளில் தொட்டி மண்ணைக் கிளறுவதும், தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டுவதும் இருக்கின்றன. முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். காகிதப்பூவுக்குத் தட்டே தேவையில்லை என்பது என் கருத்து. தட்டில் நிற்கும் தண்ணீர் வேருக்கும் கேடு, அக்கம்பக்கத்துக்கும் கேடு. தரை நனையுமே என்றால், ஊற்றும்போது மட்டும் தட்டு வைத்து, வடிந்ததும் கொட்டிவிட்டு எடுத்து வையுங்கள்.

இலை மஞ்சளாகிறது

அடியில் உள்ள நாலைந்து பழைய இலைகள் மட்டும் மஞ்சளானால் விட்டுவிடுங்கள், வயதானது உதிர்கிறது. செடி முழுக்க மஞ்சளாகி மண்ணும் ஈரமாக இருந்தால் வேரழுகல் பகுதிக்குப் போங்கள். நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகவும் இருந்தால், அது எந்த இலை என்று பாருங்கள். இளம் இலை என்றால் இரும்புச்சத்துக் குறைவு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், ஈரம் மிகுந்த வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் இருக்கும். முதிர்ந்த இலை என்றால் மக்னீசியக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றினால் புது இலைகள் தேறிவரும்.

மஞ்சள் வளையத்தோடு பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மழைக்கால இலைப்புள்ளி நோய். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், இலைமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், காற்றோட்டம் கிடைக்குமாறு தொட்டிகளைத் தள்ளி வையுங்கள்.

பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறது, இலையில் ஓட்டை விழுகிறது

கக்கங்களில் வெள்ளைப் பஞ்சு என்றால் மாவுப்பூச்சி. கூடவே எறும்பு ஏறி இறங்கும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைப் பாதுகாக்கும், ஆகவே எறும்பு வரிசையைப் பார்த்த அன்றே இலைக்கு அடியில் தேடுங்கள். தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய்க் குழாயால் பீய்ச்சிக் கழுவுங்கள். தாழ்வாரத்தில் கழுவினால் கீழ்வீட்டுத் துணிமேல் விழும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் நம் கடைகளில் வேப்பெண்ணெய் கிடைக்கும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம் விடாமல் செய்யவேண்டும். ஒருமுறை தெளித்துவிட்டு நிறுத்தினால் முட்டையிலிருந்து வருவது மறுபடி பரவிவிடும்.

ஓரம் கண்டபடி கடிபட்டு, கீழே கறுப்புப் பொடி சிதறியிருந்தால் இலை தின்னும் புழு. பகலில் தேடினால் அகப்படாது, இலையின் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள், இரண்டு மூன்றைப் பொறுக்கினால் போதும். ஆனால் கத்தரியால் நறுக்கியதுபோல் சுத்தமான அரைவட்டமாக ஓரம் காணாமல் போயிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. கூடு கட்டத்தான் எடுத்துப்போகிறது, செடிக்கு ஒன்றும் ஆகாது. அதை ஒன்றும் செய்யாதீர்கள்.

வாங்கியபோது இருந்த நிறம் இப்போது இல்லை

நாம் பூ என்று சொல்வது பூவைச் சூழ்ந்த வண்ண இலைகள். உண்மையான பூ நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல். அந்திமந்தாரையும் மூக்கிரட்டையும் இதற்குச் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். வண்ண இலை வயதாக ஆக வெளிறும், ஆரஞ்சு ரகங்கள் இளஞ்சிவப்பாக மாறுவதும் உண்டு. வெயில் குறைந்தாலும் நிறம் மங்கும். இவையெல்லாம் இயல்பு.

இரண்டு, மூன்று நிறம் ஒரே செடியில் வரும்படி ஒட்டுக்கட்டி விற்பதில் மட்டும் எச்சரிக்கை. அடிச்செடியிலிருந்து கிளம்பும் வலுவான கிளை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் எதையும் உடனே கிள்ளுங்கள். வெள்ளையும் பச்சையும் கலந்த இலை ரகத்தில் முழுப்பச்சைக் கிளை கிளம்பினாலும் அப்படியே, அடியோடு வெட்டவேண்டும்.

கொடி ஏறாமல் சரிந்து விழுகிறது

காகிதப்பூ அவரைபோல் சுற்றி ஏறாது, பாகல்போல் பற்றுக்கம்பியும் விடாது. முள்ளை மற்ற செடிகள்மேல் மாட்டி மாட்டித்தான் ஏறும். தொட்டியில் வளரும்போது நாம் கட்டிவிட்டால்தான் படரும். பழைய வேட்டியைக் கிழித்த நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள், கம்பியால் கட்டினால் தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். நேராக மேலே இழுத்துக் கட்டாமல் கிடைவாட்டில் வளைத்துக் கட்டினால் கிளை நெடுகிலும் பக்கத்துளிர் விட்டு, ஒவ்வொன்றும் பூக்கும்.

கைப்பிடிச் சுவரின் மேலே தொட்டியை வைக்கவே கூடாது, விழுந்தால் கீழே நடப்பவரின் உயிர். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்கிறதா என்று அளவுநாடா வைத்துப் பாருங்கள், செடி வளர்ந்த பிறகு ஒருமுறை மறுபடியும் பாருங்கள். நடைபாதைப் பக்கம் நீளும் கிளையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டு, திருப்ப முடியாததில் முள்நுனியை மட்டும் நகவெட்டியால் நறுக்கிவிடுங்கள். பள்ளி விட்டு ஓடிவரும் பிள்ளைகளின் கண் உயரத்தில்தான் அது பெரும்பாலும் நீட்டிக்கொண்டிருக்கும்.